முந்துகிற கை

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் எல்லாரும் மணிக்கட்டுப் பட்டை கட்டியாக வேண்டும் என்று சொன்ன வருஷம் அது. கைக்கு ஒன்றாக இரண்டு பட்டை. பார்வைக்கு ரப்பர் வளையல் மாதிரி இருக்கும். எந்தக் கை முதலில் நீள்கிறது, எது குறுக்கே போகிறது, எது கத்திக்குப் பக்கத்தில் போய்த் திரும்புகிறது என்று நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. பட்டை கட்டாத கம்பெனிக்கு இன்சூரன்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் இல்லாத கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கிடையாது என்று ஆனபிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மௌனிகா அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெரிய ஆர்டர்களைக் கம்ப்யூட்டர் மெஷினே வெட்டித் தள்ளிவிடும். சின்ன ஆர்டர், சாம்பிள், கையில் நிற்காமல் வழுக்குகிற துணி, இவற்றுக்குத்தான் இன்னமும் ஆள் வேண்டியிருந்தது. நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்ட தாளை ஒட்டி, செங்குத்தாகக் கத்தி ஓடுகிற மெஷினை அந்தக் கோட்டின் மேலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு கை மெஷினின் கைப்பிடியில் இருக்கும். இன்னொரு கை துணியை அமுக்கிப் பிடிக்கும். கத்திக்கு முன்னால் போகிற கை அதுதான் என்பதால் அதற்கு மட்டும் இரும்பு வலையில் பின்னிய உறை உண்டு.

அந்த மெஷின் வலக்கைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. வலக்கை தள்ளும், உறை மாட்டிய இடக்கை அமுக்கும். மௌனிகா பிறவி இடக்கைக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே உறையைத் திருப்பி வலக்கையில் மாட்டிக்கொண்டு, இடக்கையால் மெஷினைத் தள்ளப் பழகிவிட்டாள். கத்தியின் மறைப்பை ஏற்றி இறக்குகிற நெம்புகோல் மட்டும் வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் குறுக்கே கையை நீட்டித்தான் அதைத் தொட வேண்டும். அவளுக்கு அது ஒரு சிரமமாகவே தெரிந்ததில்லை. பட்டைக்குத் தெரிந்தது.

மேனேஜர் நித்திலன் ஒரு நாள் மதியம் அவளை அறைக்குக் கூப்பிட்டான். அவளைவிட வயதில் சின்னவன், மரியாதையான பையன்.

"உக்காருங்கக்கா. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. பட்டையில உங்க ஆபத்து எண் ரொம்ப மேல போயிருக்குது."

"எனக்கு அடியே பட்டதில்லீங்களே சார்."

"படலைங்க. பட வாய்ப்பு இருக்குதுன்னு சொல்லுது. உங்களுக்கு மட்டும் இல்ல. இடக்கைக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான் வருது. நம்ம ஊர் பூராவும் கணக்கெடுத்திருக்காங்க. மெஷின்ல அடிபட்டவங்கள்ல இடக்கைக்காரங்கதான் சாஸ்தி."

"மெஷினு வலக்கைக்குப் பண்ணுனதுங்க சார். அதைத் திருப்பிப் பண்ணிட்டாச் சரியாப் போயிருமில்லீங்களா?"

நித்திலன் சிரித்தான். கேலியாக இல்லை. அவனுக்கும் அதே யோசனை வந்திருந்தது போலத்தான் இருந்தது.

"நானும் கேட்டங்கக்கா. ஒவ்வொரு கம்பெனிக்கும் ரெண்டு மாதிரி மெஷின் வாங்கிப் போட முடியாதுங்கறாங்க. அதுக்குப் பதிலா கை மாத்து சிகிச்சை வந்திருக்குது. செலவெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. வேண்டாம்னா கத்திகிட்ட நிக்க முடியாது. பேக்கிங்ல போட்டிரலாம்."

பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலை. மௌனிகா கட்டிங் மாஸ்டர் ஆவதற்கு எத்தனையோ வருஷம் ஹெல்ப்பராக நின்றவள். கட்டிங் மேஜையில் பெண்பிள்ளையை யார் நிற்க விட்டார்கள். ஒவ்வொரு மாஸ்டர் லீவு போட்ட அன்றைக்கும் ஒரு பீஸ் இரண்டு பீஸ் என்று வெட்டி வெட்டி வந்த இடம் அது. "யோசிச்சுச் சொல்றேனுங்க சார்" என்று எழுந்து வந்தாள்.

அவள் கணவன் சபரீஷும் அதே கம்பெனிதான். துணியை ஆவி காட்டி இரண்டு உருளைக்கு நடுவே விட்டு அமுக்குகிற மெஷினில் நின்றான். வலக்கைக்காரன். வீட்டுக்குப் போகிற வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான்.

"வலிக்குமா மௌனி?"

"வலிக்காதுன்னாங்க மாமா. தொப்பி மாதிரி ஒண்ணை மாட்டி உக்கார வெப்பாங்களாம்."

"அப்பறம் என்ன. சின்னதுல உன்னைய அடிச்சு அடிச்சுச் சோத்துக்கையில சாப்பிட வெச்சாங்கன்னு சொல்லுவீல்ல. அதையே இப்ப அடிக்காமப் பண்றாங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேக்கிங்குக்குப் போனால் அவள் எப்படி வாடிப்போவாள் என்று அவனுக்குத் தெரியும். அவளும் அதைத்தான் நினைத்தாள். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டாள்.

சிகிச்சை மையம் புதிதாகக் கட்டிய கட்டடத்தில், மேல் மாடியில் இருந்தது. டாக்டர் பர்வீன் கோயமுத்தூர்க்காரி, நரம்பு படித்தவள். முதல் நாளே அவளை எதிரில் உட்காரவைத்து நிதானமாக விளக்கினாள்.

"கைய மாத்தறதுன்னு சொல்றாங்களே, கையில நாங்க ஒண்ணுமே பண்றதில்லைம்மா. ஒரு பொருளைப் பாத்ததும் எந்தக் கை முந்தணும்னு மூளையில ஒரு முடிவு நடக்குது. உங்களுக்கு அது இடது பக்கமாச் சாஞ்சிருக்கு. இந்தத் தொப்பியில காந்தம் இருக்கு. தினம் கொஞ்சங்கொஞ்சமா அந்தச் சாய்வை வலது பக்கம் தள்ளுவோம். ஒரு மாசத்துல உங்களுக்கே தெரியாம வலக்கை முந்த ஆரம்பிச்சிடும்."

"இடக்கை என்னங்க பண்ணும்?"

"இவ்வளவு நாள் வலக்கை என்ன பண்ணுச்சோ அதைப் பண்ணும். ஒத்தாசைக்கு வரும்."

அது அப்படியேதான் நடந்தது. தொப்பிக்குள் லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்கும், மண்டைத் தோல் குறுகுறுக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிரஷ் வலக்கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. சபரீஷைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதல் சில வாரம் ஒரு குறையும் இல்லை. கத்தரிக்கோல், கதவுத் தாழ்ப்பாள், பஸ்ஸில் டிக்கெட் மெஷின் என்று உலகமே அவளுக்காகத் திருப்பி வைத்த மாதிரி வசதியாக இருந்தது. பட்டையின் எண் கடகடவென்று இறங்கியது. நித்திலன் கட்டிங் பக்கம் வந்து, "பாத்தீங்களாக்கா" என்று சந்தோஷப்பட்டான். இரும்பு உறை இப்போது எல்லாரையும் போல இடக்கைக்கு வந்துவிட்டது.

போனது என்னவென்று மெல்லத்தான் தெரிந்தது. சாம்பிள் வெட்டும்போது கழுத்து வளைவை அவள் சாக்பீஸால் கையோட்டத்தில் வரைவாள். தாள் வைக்க மாட்டாள். இப்போது வலக்கை வரைந்தது. கோடு சரியாகத்தான் இருந்தது, ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்துப் போட்ட கோடு மாதிரி இருந்தது. மகள் இதழினிக்குச் சடை பின்னும்போது விரல்கள் நடுவில் நின்றுவிடும். இடது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதா வலது பக்கத்திலிருந்தா என்று யோசித்தால் கை வராது, யோசிக்காவிட்டாலும் வராது. "அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று இதழினி சிணுங்குவாள். கடைசியில் ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்பிவிடுவாள்.

இதெல்லாம் பழகிவிடும் என்றுதான் இருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் அடுப்படி மேடையில் இருந்த டீ டம்ளர் முழங்கை பட்டுச் சாய்ந்தது. கீழே இதழினி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மௌனிகா சட்டென்று பிடிக்கப் போனாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பாய்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டம்ளர் நடுவில் விழுந்தது. டீ ஆறியிருந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. படம்தான் நனைந்தது. இதழினி தாளை உதறிக் காயவைத்தாள். மௌனிகா அடுப்படியிலேயே உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பர்வீன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்களை மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேரு வந்து சொன்னாங்க. யோசிச்சு எடுக்கிற காரியத்துக்கும் பழகின காரியத்துக்கும் முடிவெடுக்கிற இடம் ஒண்ணு. அதை மாத்திட்டோம். திடுக்குன்னு ஏதாவது நடந்தா முடிவெடுக்கிற இடம் வேற. அது ரொம்ப ஆழத்துல இருக்குது. காந்தம் அவ்வளவு ஆழம் போறதில்லை. அங்க நீங்க இன்னும் இடக்கைக்காரிதான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"நிச்சயமாத் தெரியாதும்மா. சோதனை பண்றப்ப எல்லாரையும் அமைதியா உக்கார வெச்சுத்தான் பாத்தாங்க. யாரையும் பயமுறுத்திப் பாக்கலை."

"அப்பப் பழைய மாதிரி திருப்பி விட்டுருங்க."

பர்வீன் தலையை ஆட்டினாள். "ஒரு தடவை தள்ளின இடத்தை எதிர்ப்பக்கம் தள்ளினா அது எந்தப் பக்கமும் நிக்காமப் போயிடலாம். அப்பறம் ஒரு பொருளைப் பாத்தா எந்தக் கையும் முந்தாது. ஒவ்வொண்ணுக்கும் நீங்களே கையைத் தூக்கிக் கொண்டுபோகணும். அதுக்கு எனக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் பண்ண எனக்கு மனசு வராது. கொஞ்ச நாள் கத்திகிட்ட நிக்காம இருக்க முடியுமா?"

மௌனிகா நித்திலனிடம் கேட்டாள். அவன் பட்டையின் எண்ணைப் பார்த்தான். அது கம்பெனியிலேயே நல்ல எண்களில் ஒன்றாக இருந்தது. "இவ்வளவு நல்லா இருக்கறப்ப எதைச் சொல்லி மாத்தறதுங்கக்கா? நீங்களா வேண்டாம்னு போனா மாஸ்டர் கிரேடு போயிருமே" என்றான். அவள் திரும்பிக் கட்டிங் மேஜைக்கே போனாள்.

அன்றைக்கு விரித்திருந்தது விஸ்கோஸ் துணி. மெல்லிசு, தண்ணீர் மாதிரி ஓடும். அடுக்கைக் கவ்விப் பிடித்திருந்த கிளிப் ஒன்று தெறித்தது. அடுக்கு மேஜை ஓரத்தை நோக்கி நழுவியது, மெஷினின் அடித்தட்டு ஒரு மடிப்பில் ஏறிச் சாய்ந்தது. யாராக இருந்தாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். மௌனிகாவும் பிடித்தாள். ஆனால் பிடித்தது உறை போட்ட இடக்கை. அதுதானே எத்தனையோ வருஷமாக மெஷினைப் பிடித்த கை. துணியை அமுக்க வேண்டியது வலக்கையின் வேலை என்று அவளுக்குள் எதுவோ நினைத்திருக்க வேண்டும். வலக்கை கைப்பிடியை விட்டுவிட்டுத் துணியின் மேல் போய் விழுந்தது, வெறும் கையாக, கத்திக்கு முன்னால்.

அவள் கத்தவில்லை. பக்கத்து மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் கத்தினார்கள். மெஷினை நிறுத்தியது யார் என்று பின்னாலும் அவளுக்குத் தெரியவில்லை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் ஒட்டினாலும் மடங்கவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நன்றாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் முதல் தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தபோதுதான் அடுத்த கஷ்டம் என்ன என்று புரிந்தது. மேஜை மேல் டம்ளர் இருந்தது. இடக்கைக்குப் பக்கத்தில்தான் சபரீஷ் வைத்திருந்தான். மௌனிகாவின் வலக்கை, முழங்கை வரைக்கும் கட்டுப் போட்ட கை, அவள் நினைப்பதற்கு முன்னாலேயே நெஞ்சைத் தாண்டிக் குறுக்கே போய் டம்ளரை இடித்தது. தண்ணீர் கட்டில் மேல் கொட்டியது.

"விடு, நான் குடுக்கறேன்" என்றான் சபரீஷ்.

"இந்தக் கை நல்லாத்தான மாமா இருக்குது" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "நல்லாத்தான இருக்குது. வரமாட்டீங்குது."

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான். இடக்கை சொன்னால் வரும், தானாக வராது. சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாலும், பாதி வழியில் இல்லாத விரல்களோடு வலக்கை முந்திவிடும். சீப்பு எடுக்கப் போகும், நழுவும். சோற்றில் போகும், பருக்கை சிதறும். அவள் வலக்கையைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்டிப் பார்த்தாள். கட்டியிருந்த நேரமெல்லாம் அது உள்ளேயே துடித்துக்கொண்டிருந்தது, இடக்கை மடியில் சும்மா கிடந்தது. இதழினி சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தாள். மௌனிகா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனி அவளைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. வாசலில் வருகிறவர்களை உட்காரவைத்து உள்ளே சொல்கிற வேலை கிடைத்தது. நித்திலன் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண் கலங்கினான். ஏன் இப்படி ஆயிற்று என்று இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்டானாம். வலக்கைக்காரர் ஒருவருக்கு வலக்கையில் அடிபட்டது என்று கணக்கில் ஏறியிருப்பதாகப் பதில் வந்ததாம்.

"நான் எப்பங்க சார் வலக்கைக்காரி ஆனேன்?" என்று கேட்டாள் மௌனிகா.

"சிகிச்சை முடிஞ்சதும் மாத்திப் பதிஞ்சுட்டாங்கக்கா. அதுதானே அதுக்கு அர்த்தம்."

அவனிடம் கோபித்துக்கொள்ள அவளுக்கு வழி இல்லை. அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மழைக்காலம் போய், வெயில் ஏற ஆரம்பித்தபோது ஊர் முழுக்க ஒரு பேச்சு வந்தது. டீக்கடைத் திரையிலெல்லாம் அதே செய்திதான். திருப்பூரில் இடக்கைக்காரர்களுக்குத் தொழிற்சாலை விபத்தே இல்லாமல் போய்விட்டது. இந்தியாவிலேயே முதல் ஊர். மந்திரி ஒருவர் வந்து மாலை போட்டுக்கொண்டு போனார். மௌனிகா வாசல் மேஜையில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்தாள். அவளோடு சிகிச்சைக்கு வந்த ஒருவர் அயர்ன் பாக்ஸில் கையைச் சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். இன்னொரு பெண், வண்டியில் போகும்போது குறுக்கே நாய் வந்து, பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு விழுந்தாள். அவர்களும் கணக்கில் வலக்கைக்காரர்களாகத்தான் விழுந்திருப்பார்கள்.

அடுத்த வாரம் நித்திலன் எல்லாரையும் சாப்பாட்டு ஹாலில் கூட்டினான். அவன் முகம் சரியில்லை. கணக்கு புதிதாக வந்திருக்கிறது என்றான். இடக்கைக்காரர்களின் ஆபத்து எண் தரைக்கு வந்துவிட்டது. வலக்கைக்காரர்களுடையது வேகமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஆபத்தான மெஷின்களில் நிற்கிற வலக்கைக்காரர்களுக்குக் கை மாற்று சிகிச்சை தரச் சொல்லி உத்தரவு. இந்தத் தடவை இடது பக்கமாக. முதலில் ஆவி உருளையில் நிற்கிறவர்கள்.

ஹாலில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மௌனிகா அவன் பின்னாலேயே அறைக்குப் போனாள்.

"சார், மிச்சமிருந்த இடக்கைக்காரங்க எல்லாரையும் நீங்க பேக்கிங்ல போட்டுட்டீங்க. அட்டப் பெட்டி ஒட்டறவங்களுக்கு என்னங்க அடிபடும்? அடிபட்ட நாங்க எல்லாரும் கணக்குல வலது பக்கத்துல இருக்கறோம். அதனாலதானுங்க அப்படித் தெரியுது."

"எனக்குப் புரியுதுங்கக்கா."

"அப்பச் சொல்லுங்க."

"சொல்லிட்டனுங்க. எங்க மேல இருக்கறவரும் சொல்லிட்டாரு. இதைக் கணக்குப் போடறது ஆளுங்க இல்லீங்கக்கா. ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு மெஷினா அதுவே பாத்து அதுவே சொல்லிக்குது. அது இப்படிச் சொன்னா நாங்க அப்படிப் பண்ணோணும். பண்ணலேன்னா இன்சூரன்ஸ் நின்னு போயிரும். கம்பெனியில இருக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகோணும்." அவன் கையிலிருந்த பட்டியலை அவள் பக்கம் திருப்பி, "உங்க பேரும் வந்திருக்குதுங்கக்கா" என்றான்.

"எனக்கு எதுக்குங்க? நான் வாசல்லதான உக்காந்திருக்கறேன்."

"உங்களுக்கு அடிபட்டிருக்குதில்லீங்களா. அடிபட்ட வலக்கைக்காரங்களுக்கு முதல் உரிமை. வேண்டாம்னா சொல்லிரலாம், உங்களுக்குக் கட்டாயம் இல்லை. சபரீஷ் அண்ணனுக்குத்தான் கட்டாயம்."

அன்று வீட்டில் சபரீஷ் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, ஈரக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வேற கம்பெனி பாக்கலாமா மாமா?"

"எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான மௌனி. கோயமுத்தூருக்கும் வந்துருச்சாம்." பிறகு, "உனக்கு அது திரும்பி வந்துரும்ல? இடக்கை?" என்று கேட்டான்.

டாக்டர் சொன்னதை அவள் அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவன் மறக்கவில்லை. மறந்தவன் மாதிரி கேட்டான். அவளும், "வந்தாலும் வருமுங்க மாமா" என்றாள்.

மையத்தில் கூட்டம். வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் முதலில் ஒரு மேஜை முன்னால் உட்காரவைத்து, நர்ஸ் ஒரு மிட்டாயை நடுவில் வைப்பாள். "எடுத்துக்கங்க" என்பாள். எந்தக் கை வருகிறது என்று பார்த்துக்கொள்வாள். மௌனிகாவின் முறை முதலில் வந்தது. மிட்டாயைப் பார்த்ததும் வலக்கை, கட்டைவிரலும் சுண்டுவிரலுமாகப் புறப்பட்டுவிட்டது. பிடித்தது, நழுவியது, மறுபடியும் போனது. மிட்டாய் மேஜை ஓரம் வரை உருண்டது. இடக்கை மடியிலேயே கிடந்தது. நர்ஸ் அவள் கையைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "வலது. சரிங்கம்மா, உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே டாக்டர் பர்வீன் இருந்தாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். மௌனிகாவை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? நான் அன்னைக்கே சொன்னேன்."

"இப்ப அனுமதி இருக்குதாமுங்க."

"அனுமதி வலக்கைக்காரங்களுக்கு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது உங்களைப் பிறவி வலக்கைக்காரின்னு நினைச்சுக் குடுத்த அனுமதி. உங்க மூளைப் படத்தைப் போட்டா பழசு தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னா உங்களை நிறுத்திடுவாங்க. நிறுத்தட்டுமா?"

"நிறுத்தினா நான் எப்படி இருப்பேன்?"

"இப்ப இருக்கிற மாதிரி."

"வெளியில எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காருங்க. அவரை நிறுத்த முடியுமா?"

பர்வீன் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தாள். "அவரை நிறுத்தறதுக்குக் காரணம்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை. நல்ல ஆரோக்கியமா இருக்காரு. நானும் எழுதி எழுதிப் பாத்துட்டேம்மா. பாதிக்கப்பட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேருன்னு சொல்லிட்டாங்க. நான் போயிட்டா இந்த நாற்காலியில இன்னொருத்தர் வந்து உக்காருவாரு. நான் இருந்தா யாராருக்கு என்ன ஆச்சுன்னாவது எனக்குத் தெரியும்."

மௌனிகா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். எந்தக் கையும் முந்தாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். இந்த வலக்கையாவது சும்மா இருக்கும். இடக்கையைத் தூக்கிக்கொண்டு போய், சீப்பின் மேல் வைத்து, இதழினியின் தலைமுடி மேல் வைத்து, ஒவ்வொரு பின்னலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். காலை பூராவும் ஆகும். ஆகட்டும் என்று நினைத்தாள்.

"போடுங்க டாக்டர்."

பர்வீன் அவள் தோளை ஒரு தடவை தொட்டாள். பிறகு தொப்பியை எடுத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே சபரீஷ் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தான். நர்ஸ் அவன் முன்னால் மிட்டாயை வைத்தாள். அவன் வலக்கை ஒரு தயக்கமும் இல்லாமல் நீண்டு அதை எடுத்தது. உறையைப் பிரிக்கப் போனவன், இதழினி நினைவு வந்ததோ என்னவோ, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து மௌனிகாவைத் தேடினான். கண்டதும் அதே கையைத் தூக்கி ஆட்டினான்.

அவளும் ஆட்ட நினைத்தாள். அதற்குள் தொப்பி காதுவரை இறங்கிவிட்டது. "கையை அசைக்காம உக்காருங்கம்மா" என்றாள் பர்வீன்.